எந்தத் தோட்டா நேராகப் போகும்?

எங்கள் பாகூர் பக்கம் துப்பாக்கி என்றால் ஞாபகம் வருவது இரண்டுதான். ஒன்று, வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்கும் இரட்டைக் குழல். இன்னொன்று, நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி. கருமருந்தையும் ஈய ரவையையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, நாரை அடைத்து, கம்பியால் இடித்துவிட்டுச் சுடுவது. அதில் எந்தக் கம்பெனித் தோட்டா என்ற கேள்விக்கே இடமில்லை. மருந்தும் ரவையும் அவரவர் கை அளவு. அதனால், ஆறு கம்பெனித் தோட்டாக்களை வாங்கி மேசையில் அடுக்கிக்கொண்டு இதில் எது நல்லது என்று ஒரு மனிதர் ராத்தூக்கம் கெட்டுத் தவிப்பார் என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

தவித்தவர் என் மாமா. அத்தையைக் கட்டிக்கொண்டவர், வில்லியனூர்க்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் பாஷையில் 'சொல்தா'. 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். மாமா இப்போது இருப்பது ஓர்லியான் நகரத்துக்குத் தெற்கே. அங்கே சொலோன் என்று ஒரு காட்டுப் பகுதி, பிரான்ஸில் வேட்டைக்குப் பேர்போன இடம். கூட வேலை செய்பவர்கள் எல்லாம் சனி ஞாயிறு ஆனால் ஆரஞ்சு நிற அங்கியை மாட்டிக்கொண்டு காட்டுப்பன்றி விரட்டப் போகிறவர்கள். பல வருடம் அவர்கள் கொடுத்த கறியை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த மாமா, கடைசியில் தானும் தேர்வு எழுதி வேட்டை உரிமம் வாங்கிவிட்டார்.

(இந்தத் தேர்வை நடத்தும் பிரெஞ்சு அரசு அலுவலகத்தின் பெயர்ச் சுருக்கம் ஓ.எஃப்.பி. பல்லுயிர்ப் பாதுகாப்பு அலுவலகம். நம் நாட்டில் 2021 வரை தோட்டா செய்துகொண்டிருந்த ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டுக்கும் அதே மூன்று எழுத்துத்தான். சும்மா சொல்லி வைத்தேன்.)

உரிமம் வந்ததும் துப்பாக்கி வந்தது. பின்லாந்தில் செய்த டிக்கா, .30-06 அளவு. இந்த அளவு 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது, பெயரில் உள்ள 06 அதுதான். ராணுவத் தோட்டா என்பதாலேயே பிரான்ஸில் சாதாரண வேட்டைக்காரர்கள் அதைத் தொட முடியாமல் இருந்தது. 2013 செப்டம்பரில் சட்டம் மாறிய பிறகுதான் கடைக்கு வந்தது. அதற்கு முன்னால் அங்கே பெரிய விலங்கு வேட்டைக்குப் பலரும் வாங்கியது 7x64 என்ற, 1917-ல் ஜெர்மனியின் பிரென்னெக்கே வடிவமைத்த தோட்டா.

சரி, விஷயத்துக்கு வருவோம். புதுத் துப்பாக்கி வாங்கினால் முதல் வேலை, அதற்கு ஒத்துப்போகும் தோட்டாவைக் கண்டுபிடிப்பது என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். "ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு, மாப்ள. ஒரே மாடல், ஒரே நாள் செய்த ரெண்டு துப்பாக்கி இருந்தாக்கூட ஒண்ணுக்குப் பிடிச்சது இன்னொண்ணுக்குப் பிடிக்காது" என்றார் மாமா. இது கட்டுக்கதை இல்லை. சுடும்போது குழல் அதிர்கிறது. மருந்தின் அளவு, குண்டின் எடை, அது உலோகக் கூட்டில் எவ்வளவு ஆழம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, குண்டு வெளியேறும் கணத்தில் குழலின் முனை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது மாறும். குழலின் உள்ளே திருகுபோல ஓடும் வரிகள் குண்டைச் சுழற்றி விடுகின்றன, நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். குண்டின் எடை அதன் நட்ட நடுவில் இல்லாமல் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் வெளியே வந்ததும் அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

வேகத்தில் உள்ள ஏற்ற இறக்கம்தான் பெரிய குற்றவாளி என்று பலர் சொல்வார்கள். நூறு மீட்டரில் அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. விநாடிக்கு 800 மீட்டரில் கிளம்பும் குண்டு நூறு மீட்டர் போவதற்குள் எட்டு சென்டிமீட்டர் சொச்சம் கீழே இறங்குகிறது. வேகம் 15 மீட்டர் குறைந்தால் இந்த இறக்கம் இன்னும் மூன்று மில்லிமீட்டர்தான் கூடும். பேப்பரில் போட்டுப் பாருங்கள், பிளஸ் டூ இயற்பியல் போதும்.

மாமா ஆறு பெட்டி வாங்கினார். ஆறும் வேறு வேறு கம்பெனி. பெட்டிக்கு 20 தோட்டா, விலை ஐம்பது யூரோ பக்கம். ஆக, 300 யூரோ, நம்மூர்க் கணக்கில் முப்பதாயிரத்தைத் தொடுகிறது. அத்தை என்னிடம் போனில் புலம்பினார். "பன்னி கறி கிலோ எவ்வளவுடா தம்பி ஆகுது இப்போ? இவரு இன்னும் ஒண்ணையும் சுடல."

ஒரு சனிக்கிழமை மாமா சுடுதளத்துக்குப் போய், நூறு மீட்டரில் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மூன்று மூன்று தோட்டா சுட்டார். மேசை மேல் மணல்மூட்டை, அதன் மேல் துப்பாக்கி. மூன்று ஓட்டைகளில் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இருக்கும் இரண்டை அளந்தால் அதுதான் குரூப். வந்த எண்கள் மில்லிமீட்டரில்: 14, 20, 23, 26, 31, 36. அந்த 14-ஐ வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினார். மூன்று ஓட்டையும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. "கண்டுபிடிச்சிட்டேன் மாப்ள. இதிலயே இருநூறு தோட்டா வாங்கிடப் போறேன்." அது ஆறில் விலை அதிகமான பெட்டி. இருநூறு என்றால் பத்துப் பெட்டி.

நான் புள்ளியியல் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் படிக்கும் பாதி விஷயம் எதற்கு என்றே தெரியாது. ஆனால் இந்த இடத்தில் கை அரித்தது. "மாமா, ஒரு ரெண்டு நாள் பொறுங்க, வாங்காதீங்க" என்றேன்.

என் கேள்வி இதுதான். ஒருவேளை ஆறு பெட்டியிலும் இருப்பது துல்லியத்தில் அச்சு அசல் ஒரே தோட்டா என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆறு குரூப்பும் ஒரே அளவாக வராது. எவ்வளவு வித்தியாசம் வரும்? கணினியில் பொய்யாகச் சுட்டுப் பார்த்தேன். ஒரே மாதிரி சிதறும் தோட்டா, மூன்று மூன்றாக ஆறு குரூப், இதைப் பத்தாயிரம் தடவை. தினமும் வகுப்பில் திட்டு வாங்கும் அந்த சராசரி வளைவு முதல் முறையாக எனக்கு வேலைக்காரனாக நின்றது. முடிவு: ஆறில் மிகச் சிறிய குரூப், மிகப் பெரியதில் பாதிகூட இருக்காது. அதுவும் எப்போதாவது அல்ல, பெரும்பாலும் அப்படித்தான். மாமாவின் 14-ம் 36-ம் எந்த வித்தியாசமும் இல்லாத ஆறு பெட்டிகளிலிருந்து தாராளமாக வந்திருக்கலாம்.

இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். சிதறலின் அளவை ஒன்று என்று வைத்தால், மூன்று தோட்டாக் குரூப்பின் சராசரி 2.4. ஐந்து என்றால் 3.1. பத்து என்றால் 3.8. தோட்டா மாறவில்லை, துப்பாக்கி மாறவில்லை, சுடுபவர் மாறவில்லை. எண்ணிக்கை ஏற ஏறக் குரூப் பெரிதாகிக்கொண்டே போகிறது, ஏனென்றால் ஓரத்தில் போய் விழும் தோட்டாவுக்கு வாய்ப்புக் கூடுகிறது. இப்போது யாராவது தன் துப்பாக்கி மூன்று தோட்டாவை ஒரே ஓட்டையில் போடும் என்று சொன்னால், நாலாவதைக் கேட்கத் தோன்றுகிறது. துப்பாக்கிக் கம்பெனிகள் தருகிற உறுதிமொழியும் மூன்று தோட்டாவுக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். டிக்காவும் அப்படித்தான்: நூறு கஜத்தில், மூன்று தோட்டா, ஒரு எம்.ஓ.ஏ. அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நூறு மீட்டரில் அது 29 மில்லிமீட்டர்.

மாமா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "நீ கம்ப்யூட்டர்ல சுட்டது, நான் தோள்ல வாங்கினது" என்றார். நியாயம்தான், .30-06 தோளில் கொடுக்கும் இடி லேசானதல்ல. பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முதல் மூன்று இடம் பிடித்த பெட்டிகள், கூடவே கடைசி இடம் பிடித்த 36, இந்த நாலிலும் பத்துப் பத்துத் தோட்டா. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், பெட்டியில் மிச்சம் இருப்பதே போதும். இரண்டு சனிக்கிழமைகளாகப் பிரித்து, ஐந்து ஐந்தாகச் சுட்டு, நடுவில் குழல் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான மெல்லிய குழல் மெல்ல வளைந்து தோட்டாவை இடம் மாற்றும். எந்த ஐந்து எந்தப் பெட்டி என்ற வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னேன். கடைசியில் சுடும் பெட்டிக்குக் களைத்த தோள் வந்து சேரக்கூடாது இல்லையா.

வந்த எண்கள்: 14 போட்டது இப்போது 41. 20 போட்டது 37. 23 போட்டது 44. கடைசியில் நின்ற 36, இப்போது 39.

கொஞ்ச நேரம் மாமா பேசவே இல்லை. நான்கும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். உண்மையான வித்தியாசம் இருந்தால்கூட அது பத்துத் தோட்டாவில் தெரியாத அளவுக்குச் சிறியது. அதைத் தேடிப் பிடிக்க ஐம்பதோ நூறோ சுட வேண்டும், அதற்குள் குழலும் பணப்பையும் தேய்ந்துவிடும்.

எல்லாத் தோட்டாவும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு குழலுக்கு ஒரு தோட்டா சுத்தமாக ஒத்துப்போகாமல், கையளவு அகலத்துக்குத் தெறிப்பது உண்டு. அப்படி இருந்தால் மூன்று தோட்டாவிலேயே தெரிந்துவிடும். மூன்று தோட்டா மோசமானதைக் கழிக்க உதவும், நல்லதில் சிறந்ததைப் பொறுக்க உதவாது. மாமாவிடம் இருந்த ஆறில் மோசமானது எதுவும் இல்லை.

ஆனால் அந்த அட்டைகளில் வேறொன்று பளிச்சென்று தெரிந்தது. குரூப்பின் அளவு ஒன்றாக இருந்தாலும், குரூப் விழுந்த இடம் வேறு. ஒரு பெட்டி குறிக்கு நேராக, இன்னொன்று ஆறு சென்டிமீட்டர் கீழே, மற்றொன்று இடது பக்கம் சரிந்து. 150 கிரெயின் குண்டும் 180 கிரெயின் குண்டும் ஒரே இடத்தில் விழ எந்தக் கட்டாயமும் இல்லை. இது அதிர்ஷ்டம் அல்ல, பத்து ஓட்டைகளின் நடுப்புள்ளி அவ்வளவு ஆடாது. வேட்டைக்காரருக்கு ஆபத்து இங்கேதான். ஒரு பெட்டியை வைத்துத் தொலைநோக்கியைச் சரிசெய்துவிட்டு, அது தீர்ந்ததும் கடையில் இருந்த வேறொன்றைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவது.

ஏன் ஆபத்து? காட்டுப்பன்றியின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. விரட்டு வேட்டையில் பன்றி ஓடிக்கொண்டிருக்கும், தூரம் பெரும்பாலும் ஐம்பது அறுபது மீட்டருக்குள். அந்தத் தூரத்தில் 41 மில்லிமீட்டர் குரூப் இருபது சொச்சமாகச் சுருங்கிவிடும். தோட்டாவின் துல்லியம் தேவைக்கு மேல் ரெண்டு மடங்கு இருக்கிறது. ஆடுவது மனிதன். நின்றபடி, ஓடும் பன்றியை, மூச்சு வாங்கிக்கொண்டு. குண்டு வயிற்றில் பட்டால் பன்றி விழாது, புதருக்குள் போய் மணிக்கணக்கில் சாகும். அதைத் தேட ரத்த வாடை பிடிக்கப் பழக்கிய நாய்களை வைத்துக்கொண்டு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு முறை அவர்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மாமா இவ்வளவு தோட்டா ஆராய்ச்சியில் இறங்கினாராம். அதை எண்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார். அதைக் கேட்டபின் அத்தையும் முப்பதாயிரம் கணக்கைப் பேசவில்லை.

கடைசியில் வாங்கியது, பக்கத்து டவுன் கடையில் எப்போதும் கிடைக்கும் பெட்டி. முதல் நாள் கடைசி இடம் வந்ததே, அதேதான். பெட்டிக்குப் பெட்டி லாட் எண் பார்த்து, ஒரே லாட்டில் பத்துப் பெட்டி. 14 போட்ட பெட்டியோடு ஒப்பிட்டால் மிச்சமான பணத்தில் இன்னும் இரண்டு பெட்டி சேர்த்து வாங்கி, அதை நின்றபடி சுட்டுப் பழகுவதற்கு ஒதுக்கினார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது நம்ம ஊரில் இது எப்படி என்று யோசித்தேன். இங்கே வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோன கதை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு மட்டும் சில மாநிலங்களில் விலக்கு வருகிறது. கேரளா 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. ஆனாலும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பரிசோதிக்கும் வழக்கம் நம்மிடம் வளரவே இல்லை. உரிமத்திலேயே எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும்போது யார் முப்பதைப் பேப்பர் மேல் வீணாக்குவார்கள்?

தேர்ந்தெடுக்க வகையும் இருந்ததில்லை. நம் நாட்டு உரிமக்காரர்களின் ரைபிள் என்றால் அது இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315. லீ என்ஃபீல்டு உடம்பு, ஆனால் தோட்டா வேறு. இந்த விசித்திரத்துக்குக் காரணம் வெள்ளைக்காரன் பயம். ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தக்கூடாது என்று, ஆஸ்திரியாவின் மான்லிக்கர் 8 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்து இந்தியச் சந்தைக்கு ரைபிள் செய்தார்கள். 1907-ல் .450 அளவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பழைய மார்ட்டினி ஹென்றிக்குப் பயன்படும் என்று இந்தியாவிலும் சூடானிலும் தடை செய்ய, லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475 என்று புதிது புதிதாகச் செய்து தள்ளினார்கள். யானை வேட்டைப் புத்தகங்களில் வரும் புகழ்பெற்ற பெயர்கள் பாதி ஒரு போலீஸ் தடையின் பிள்ளைகள். சுதந்திரத்துக்குப் பிறகும் .315 அப்படியே நின்றது. பல பத்தாண்டுகளுக்கு அதற்குத் தோட்டா என்றால் புனே பக்கம் கட்கி தொழிற்சாலையின் கே.எஃப். முத்திரை போட்டதுதான். 2021 அக்டோபரில் போர்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்ததில் ரைபிள் ஒரு கம்பெனிக்கும் தோட்டா இன்னொன்றுக்கும் போனது. குழலுக்கு ருசி இருந்தாலும் கேட்க ஆளில்லை, மெஸ் சாப்பாடு மாதிரி.

நான் நிஜமாகச் சுட்டது என்.சி.சி.யில் .22 மட்டும். இருபத்தைந்து கஜம், ஐந்து தோட்டா, எழுந்து போ. பழைய என்.சி.சி. குறிப்புகளில் அந்த .22-க்கு வேகம் விநாடிக்கு 2700 அடி என்று போட்டிருக்கும், நாங்களும் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். மாமாவின் .30-06 தான் சுமார் 2700 அடி போகும். .22 லாங் ரைபிள் ஆயிரத்துச் சொச்சம் அடிதான். போட்டிகளுக்கான .22 தோட்டாவை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே வைத்திருப்பார்கள், ஒலித்தடையைத் தாண்டி இறங்கும்போது குண்டு தடுமாறும் என்பதால்.

தோட்டா தேடலை உண்மையில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் இந்தப் போட்டிக்காரர்கள். இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியில் லாப்புவா போன்றவர்கள் அதற்கென்றே சுடுதளம் வைத்திருக்கிறார்கள். வீரர் தன் துப்பாக்கியை அங்கே கொண்டுபோனால், இரும்புப் பிடியில் இறுக்கி, லாட் லாட்டாகச் சுட்டு, ஒத்துப்போகும் லாட்டில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். தோளும் இல்லை, மூச்சும் இல்லை, ஆகவே எண்களை நம்பலாம். அவர்களுக்கு அது தேவையும்கூட. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பாகூரிலிருந்து ஆற்றைத் தாண்டினால் கடலூர். அங்கே 1999-ல் பிறந்த இளவேனில் வாலறிவன் அந்தப் புள்ளியைச் சுட்டுத்தான் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார், டோக்கியோ, பாரீஸ் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போனார். அந்த ரவை 4.5 மில்லிமீட்டர் என்றுதான் பெயர். டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாக விற்கிறார்கள்.

எங்கள் தெருவில் இரண்டு பையன்கள் புதிதாக ஏர் ரைபிள் வாங்கியிருக்கிறார்கள். .177 அளவு, 20 ஜூலுக்கு உட்பட்டது, அதற்கு உரிமம் வேண்டாம். ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம், பாகூர் ஏரியில் நாரையைச் சுட்டாலும் அதே 1972 சட்டம்தான் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். பிறகு அவர்கள் கேட்டது, நீங்கள் எதிர்பார்த்ததுதான்: "அண்ணா, எந்த ரவை நல்லா இருக்கும்?" மூன்று டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக, வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுத்துச் சுடச் சொல்லியிருக்கிறேன். ரவைக்குச் சில பைசாதான், தோளும் வலிக்காது. அட்டைகளைத் தூக்கிப் போடாமல் பின்பக்கம் டப்பாவின் எண்ணை எழுதி என்னிடம் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதுவரை ஒன்பது அட்டை வந்திருக்கிறது.